செம்பாறையும் மூழ்கிய ஊரும்: நெவாடா பாலைவனத்தின் பாறைச் செதுக்கல்கள்

1935ஆம் ஆண்டு, அமெரிக்காவின் நெவாடா மாநிலத்துத் தென்கோடியில் மூன்று காரியங்கள் நடந்தன. கொலராடோ ஆற்றின் குறுக்கே ஹூவர் அணை திறக்கப்பட்டு, அதன் பின்னால் மீட் ஏரி நிரம்பத் தொடங்கியது. அந்த ஏரியின் வட கிளையில் மூழ்கவிருந்த தொல்குடி ஊர் ஒன்றின் பொருட்களைக் காப்பதற்காக, ஓவர்ட்டன் என்ற சிற்றூரில் ஓர் அருங்காட்சியகம் எழுந்தது. அருகே உள்ள செம்பாறை நிலம், ‘வேலி ஆஃப் ஃபயர்’ என்ற பெயரில் மாநிலப் பூங்காவாகச் சட்டப்படி நிறுவப்பட்டது. நெருப்புப் பள்ளத்தாக்கு என்று நாம் சொல்லலாம். நெவாடாவின் மிகப் பழைய மாநிலப் பூங்கா அதுதான்.

லாஸ் வேகஸிலிருந்து வடகிழக்கே ஏறத்தாழ 80 கிலோமீட்டர். 40,000 ஏக்கருக்கு மேல் பரப்பு. சூதாட்ட நகரத்துக்கு வருகிறவர்கள் ஒரு பகல் பொழுதை ஒதுக்கி இங்கே வந்து, செம்பாறைகளைப் படம் பிடித்து, பாறை மேல் உள்ள ஆட்டு உருவங்களை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். அந்த உருவங்கள் ஒரு காட்சிக்கூடத்தில் மாட்டிய ஓவியங்களைப் போல அவர்களுக்கு அறிமுகமாகின்றன: பழையவை, அழகானவை, புரியாதவை. இந்தக் கட்டுரையின் வாதம் எளியது. இந்தச் செதுக்கல்களைப் பாறையிலிருந்தும், நீரிலிருந்தும், அருகே மூழ்கிய ஊரிலிருந்தும், இன்றும் அங்கே வாழும் மக்களிடமிருந்தும் பிரித்துப் பார்த்தால் அவை புரியாமலேதான் இருக்கும். அவற்றைப் பிரித்தது காலம் மட்டும் அன்று. 1935ஐ ஒட்டி எடுக்கப்பட்ட முடிவுகளுக்கும் அதில் பங்கு உண்டு.

மணல் கல்லான கதை

முதலில் பாறை. இங்கே சிவந்து நிற்கும் கல்லுக்கு ஆஸ்டெக் மணற்கல் என்று நிலவியலாளர் பெயர் வைத்திருக்கிறார்கள். மெக்சிகோவின் ஆஸ்டெக் மக்களுக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஏறத்தாழ 18 கோடி ஆண்டுகளுக்கு முன், ஜுராசிக் காலத்தில், இன்றைய யூட்டா, அரிசோனா, நெவாடா பகுதிகளை மூடிக் கிடந்த மாபெரும் மணற்கடலின் மிச்சம் இது. யூட்டாவின் சயான் தேசியப் பூங்காவில் செங்குத்தாக எழும் நவஹோ மணற்கல்லும் அதே மணற்கடலின் பகுதிதான். நெருப்புப் பள்ளத்தாக்கின் ‘தேன்கூடுகள்’ எனப்படும் பாறைகளில், ஒன்றையொன்று சாய்வாக வெட்டிச் செல்லும் மெல்லிய வரிகளைக் காணலாம். காற்று மணல்மேட்டை நகர்த்தியபோது, மேட்டின் சரிவில் வழிந்து படிந்த அடுக்குகள் அவை. எந்தத் திசையிலிருந்து காற்று வீசியது என்பதை அந்தச் சாய்வைக் கொண்டு கணிக்க முடியும்.

செந்நிறத்துக்குக் காரணம் இரும்பு. ஒவ்வொரு மணல் துகளையும் மிக மெல்லிய இரும்பு ஆக்சைடு போர்த்தியிருக்கிறது. ஆனால் பூங்காவின் வடபகுதிக்குப் போகப்போகச் சிவப்பு வெளுக்கிறது. ரோஜா நிறம், மஞ்சள், வெள்ளை எனப் பட்டைகள் விரிகின்றன. ‘நெருப்பலை’ என்ற பாறைச் சரிவில் சிவப்பும் வெள்ளையும் மாறி மாறி ஓடுகின்றன. இந்த நிறமாற்றத்தை ஆராய்ந்து 2004இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, காரணத்தை நிலத்தடி நீரில் கண்டது. பூமியின் மேலோடு நெருக்குண்டு பாறைப் பாளங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியபோது, ஆழத்திலிருந்து வெளியேறிய, ஆக்சிஜன் அற்ற திரவங்கள் மணற்கல்லின் வழியே பாய்ந்தன. அவை இரும்பைக் கரைத்து எடுத்துச் சென்று, வேறிடத்தில் மீண்டும் படியவைத்தன. வெளுத்த இடம் இரும்பை இழந்த இடம். மஞ்சளும் ஊதாவும் அது திரும்பப் படிந்த இடம்.

பாளங்கள் ஏறிய தடத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம். பூங்காவைச் சுற்றி நிற்கும் சாம்பல்நிற மலைகள் சுண்ணாம்புக் கல்லால் ஆனவை. மணற்கல்லைவிடப் பல கோடி ஆண்டு மூத்த கடலடிப் படிவுகள் அவை. மூத்த கல் மேலே, இளைய கல் கீழே. இயல்பான வரிசை தலைகீழாகிக் கிடக்கிறது. பின்னர் அரிப்பு மேலிருந்த சுண்ணாம்புக் கல்லைக் கரைத்து நீக்க, உள்ளே மறைந்திருந்த செம்மணற்கல் வெளியே வந்தது.

கல்லின் கரிய தோல்

செதுக்கியவர்களுக்கு வேண்டியிருந்தது சிவப்புக் கல் மட்டும் அல்ல. அதன்மேல் படர்ந்த கரிய தோலும்தான். பாலைப் பாறைகளின் மேல் பழுப்பும் கருமையுமாகப் பளபளக்கும் ஒரு பூச்சு இருக்கும். பாலை மெருகு என்று அதைச் சொல்லலாம். காற்று கொண்டுவரும் தூசியின் களிமண்ணோடு மாங்கனீசு, இரும்பு ஆக்சைடுகள் சேர்ந்து அது உண்டாகிறது. அது வளரும் வேகம் ஆயிரம் ஆண்டுக்குச் சில மைக்ரோமீட்டர் அளவில்தான் இருக்கும். முழுமையாக வளர்ந்த பிறகும் மில்லிமீட்டரில் ஒரு சிறு பங்குதான்.

சுற்றியுள்ள தூசியில் மிகக் குறைவாகவே உள்ள மாங்கனீசு இந்த மெருகில் மட்டும் ஏன் இவ்வளவு செறிந்திருக்கிறது என்பது நெடுநாள் புதிராக இருந்தது. சுட்டெரிக்கும் வெயிலில் பாறை மேல் வாழும் நீலப்பச்சை நுண்ணுயிர்கள், கதிர்வீச்சின் கேட்டிலிருந்து தங்களைக் காத்துக்கொள்ள உடலில் மாங்கனீசைச் சேர்த்துவைக்கின்றன; அவை இறந்தபின் அந்த மாங்கனீசு பாறையில் தங்குகிறது என்று 2021இல் வெளிவந்த ஆய்வு விளக்கியது. அப்படியானால், வெயிலைத் தாங்கிய சிற்றுயிர்களின் எச்சத்தின் மேல்தான் பாலைவனத்து மனிதர்கள் தங்கள் உருவங்களை எழுதினார்கள்.

கூரிய கல்லை நேராகவோ, இன்னொரு கல்லால் தட்டியோ, கரிய தோலைக் கொத்தி நீக்கினால் அடியில் உள்ள வெளிர்ந்த கல் தெரியும். வண்ணம் எதுவும் தேவையில்லை. கொத்திய இடம் காலப்போக்கில் மறுபடி மெருகேறிக் கறுக்கும். அதனால் ஒரே பாறையில் சில உருவங்கள் பளிச்சென்றும், சில மங்கியும், சில அரைகுறையாகவும் தெரிகின்றன. பல தலைமுறைகள் அதே பாறைக்குத் திரும்பத் திரும்ப வந்திருக்கின்றன என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இந்த மறு மெருகை வைத்துத் துல்லியமாக வயதைச் சொல்லிவிடலாம் என்ற நம்பிக்கை 1980களில் எழுந்தது. மெருகில் உள்ள தனிமங்களின் விகிதத்தை அளந்து காலம் கணிக்கும் முறை பேசப்பட்டது. 1990களில் அது கடும் விமர்சனத்துக்கு உள்ளாகி நம்பகம் இழந்தது. இன்று பெரும்பாலும் மறைமுக வழிகளே கைகொடுக்கின்றன. வடமேற்கு நெவாடாவின் வற்றிய வின்னமக்கா ஏரிப்படுகையில், செதுக்கல்களின் மேலும் கீழும் படிந்த சுண்ணப் பொருளைக் கொண்டு, அவை 10,000 ஆண்டுகளுக்கும் முந்தியவை என்று 2013இல் கணித்தார்கள். நெருப்புப் பள்ளத்தாக்கில் அத்தகைய ஏரிப் படிவு இல்லை. இங்கே உருவங்களே காலத்துக்குச் சாட்சி சொல்ல வேண்டும்.

எறிகருவி சொல்லும் காலம்

பூங்காவின் மேற்குப் பகுதியில் அட்லாட்ல் பாறை நிற்கிறது. உயரமான இரும்புப் படிக்கட்டில் ஏறினால், தரையிலிருந்து எட்டாத உயரத்தில் கரிய பாறைமுகம். வளைந்த பெருங்கொம்பு கொண்ட காட்டாடுகள், மனித உருவங்கள், வட்டங்கள், நெளிகோடுகள் ஆகியவற்றுக்கு நடுவே பாறைக்குப் பெயர் தந்த உருவமும் இருக்கிறது.

அட்லாட்ல் என்பது ஈட்டியை எறிய உதவும் கோல். ஒரு முனையில் கொக்கி இருக்கும். அதில் ஈட்டியின் பின்முனையைப் பொருத்தி வீசினால், கையின் நீளம் கூடியதுபோல் ஆகி, ஈட்டி வெறுங்கையால் எறிவதைவிட மிக வேகமாகப் பாயும். இந்தப் பகுதிக்கு வில்லும் அம்பும் வருவதற்கு முன் இதுதான் வேட்டைக் கருவி. கி.பி. முதல் ஆயிரத்தாண்டின் நடுப்பகுதியில் வில் பரவியபின் இது வழக்கொழிந்தது. ஆகவே எறிகருவியைச் செதுக்கிய கை, பெரும்பாலும் ஏறத்தாழ 1,500 ஆண்டுகளுக்கு முன்னதாகவே அந்தப் பாறையைத் தொட்டிருக்க வேண்டும். வழக்கொழிந்த கருவியை நினைவில் வைத்துப் பின்னவர் ஒருவர் செதுக்கியிருக்கவும் கூடும். எனவே இதை உறுதியான தேதியாகக் கொள்ளாமல், வலுவான தடயமாகக் கொள்வதே முறை.

கூடை முடைவதில் தேர்ந்த தொல்குடிகளும், அவர்கள் வழியில் வந்த பியூப்ளோ உழவர்களும் கி.மு. 300 முதல் கி.பி. 1150 வரை இந்த நிலத்தைப் பயன்படுத்தினார்கள் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட வரம்பு. ஆனால் அவர்கள் இங்கே நிலையாகக் குடியிருக்கவில்லை. ஆண்டு மழை ஏறத்தாழ 100 மில்லிமீட்டர்தான். வேட்டைக்கும், விதையும் கிழங்கும் சேர்க்கவும், சடங்குகளுக்கும் வந்து திரும்பியிருக்க வேண்டும்.

சுனைக்குப் போகும் வழி

நீர் எங்கே கிடைத்தது என்று கேட்டால், பூங்காவின் நடுவே உள்ள குறுகிய பள்ளத்தாக்கு விடை சொல்கிறது. போய்வர ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். கால் புதையும் செம்மணல். இருபுறமும் சுவர்போல் பாறை. அந்தப் பாறைகளில் செதுக்கல்கள் ஒன்றையடுத்து ஒன்றாக வருகின்றன: ஆடுகள், கைகோத்து நிற்கும் மனிதர்கள், சுருள்கள், ஏணிபோன்ற கோடுகள். பாதையின் முடிவில் ‘மவுஸ் டாங்க்’ என்ற ஒரு சுனை. மழைநீர் வழிந்து பாறைக் குழியில் தங்கி, மாதக்கணக்கில் வற்றாமல் நிற்கும்.

சுனைக்குப் பெயர் தந்தவர் தெற்குப் பையூட் இனத்தைச் சேர்ந்த ஒருவர். 1890களில் குற்றம் சாட்டப்பட்டுத் தேடப்பட்டபோது, அவர் இந்தப் பாறை இடுக்குகளில் ஒளிந்து, சுனை நீரால் உயிர் தரித்தார் என்று சொல்லப்படுகிறது. நீர் இருக்கும் இடம் தெரிந்தவருக்கு இந்த நிலம் அடைக்கலம். தெரியாதவருக்கு என்ன நேரும் என்பதற்கும் பூங்காவிலேயே ஒரு நினைவுக்கல் உண்டு: 1915இல் இவ்வழியே பயணம் செய்த, உள்நாட்டுப் போரில் பங்கேற்ற படைவீரர் சார்ஜென்ட் ஜான் கிளார்க், தாகத்தால் இங்கேதான் இறந்தார்.

செதுக்கல்கள் செறிந்திருக்கும் பாதை நீரில் போய் முடிவதைத் தற்செயல் என்று தள்ள முடியாது. படம் என்ன சொல்கிறது என்று கேட்பதற்கு முன்னால், படம் எங்கே இருக்கிறது என்று கேட்க வேண்டும் என்பதே இந்தப் பள்ளத்தாக்கு கற்பிக்கும் முதல் பாடம்.

பொருள் தேடிய அறிஞர்கள்

நெவாடாவின் செதுக்கல்களை முதன்முதலில் விரிவாகத் தொகுத்தவர்கள் ராபர்ட் ஹைசர், மார்ட்டின் பாம்ஹாஃப் என்ற இரு தொல்லியலாளர்கள். 1962இல் வெளிவந்த அவர்கள் நூல், இவை வேட்டை வெற்றிக்கான மந்திரச் செயல்கள் என்று வாதிட்டது. விலங்குகள் வந்துபோகும் தடங்களிலும் நீர்நிலைகளிலும் செதுக்கல்கள் அமைந்திருப்பதை அவர்கள் சான்றாகக் காட்டினார்கள்.

1990களில் டேவிட் விட்லி வேறொரு விளக்கத்தை முன்வைத்தார். கலிஃபோர்னியாவின் கோசோ மலைப்பகுதியில் ஆயிரக்கணக்கான காட்டாடுகள் செதுக்கப்பட்டிருக்கின்றன. மக்கள் உண்டு எறிந்த எலும்புகளிலோ ஆட்டெலும்பு அந்த அளவுக்கு இல்லை. எனவே ஆடு உணவைக் குறிக்கவில்லை. மழை வரவழைக்கும் பூசாரியின் காவல் தெய்வமாக அது இருந்தது. பூசாரி மயக்க நிலையில் கண்ட காட்சிகளே பாறையில் உள்ளன என்றார் அவர். இந்த விளக்கத்துக்கும் எதிர்ப்பு எழுந்தது. எல்லா இடத்தையும் எல்லாக் காலத்தையும் ஒரே சாவியால் திறந்துவிட முடியாது என்று மற்றவர்கள் மறுத்தார்கள்.

இரு தரப்பையும் படித்தபின் ஒன்றைக் கவனிக்கிறேன். முதல் விளக்கம் ஆட்டைப் பார்க்கிறது. இரண்டாவது பூசாரியைப் பார்க்கிறது. இரண்டும் ஒன்றுபடும் புள்ளி நீர். விலங்கு வருவதும் நீருக்கு. மழை வேண்டுவதும் நீருக்கு. ஆண்டுக்கு 100 மில்லிமீட்டர் மழை பெய்யும் நிலத்தில் வேட்டை, வழிபாடு, வழித்துணை என்று மூன்று தனித்தனி அறைகள் இருந்திருக்கும் என்று எண்ணுவது நம் காலத்துப் பழக்கம். பாறையில் எழுதியவர்கள் அப்படிப் பிரித்து வாழ்ந்ததற்குச் சான்றில்லை.

நீருக்குள் போன ஊர்

செதுக்கியவர்கள் எங்கே வாழ்ந்தார்கள்? விடை சற்றுத் தொலைவிலேயே, மடி ஆற்றின் கரையில் இருந்தது. வெந்நீர் ஊற்றுகளிலிருந்து பிறப்பதால் அந்தச் சிற்றாறு ஆண்டு முழுவதும் ஓடும். அதன் நீரை நம்பி மக்காச்சோளமும் அவரையும் பூசணியும் பருத்தியும் பயிரானது. 1924இல் ஓவர்ட்டனைச் சேர்ந்த சகோதரர் இருவர் அங்கே பழைய சுவர்களைக் கண்டு ஆளுநர் ஜேம்ஸ் ஸ்க்ரூகாமுக்குத் தெரிவித்தார்கள். அவர் அழைப்பின்பேரில் தொல்லியலாளர் மார்க் ஹாரிங்டன் அகழாய்வைத் தொடங்கினார். குழிவீடுகளும், மண்சுவர் வீடுகளும், அறையோடு அறை சேர்ந்த பெரிய கட்டடங்களும் ஆற்றங்கரை நெடுகப் பல கிலோமீட்டருக்கு வெளிப்பட்டன. அருகே உப்புச் சுரங்கங்களும் இருந்தன. அந்த உப்பு தொலைதூர வணிகத்துக்குப் போனது. செய்தித்தாள்கள் அதற்கு ‘லாஸ்ட் சிட்டி’, அதாவது தொலைந்த நகரம், என்று பெயர் சூட்டின.

உண்மையில் அது தொலைந்தது அதற்குப் பிறகுதான். அணை வேலை முன்னேற, ஹாரிங்டன் 1930களில் அவசரமாக மறுபடி தோண்ட வேண்டியதாயிற்று. பொருளாதாரப் பெருமந்தத்தில் வேலையற்ற இளைஞர்களுக்காக அரசு அமைத்த குடிமக்கள் காப்புப் படையினர் தோண்டுவதிலும் உதவினார்கள், அருங்காட்சியகத்தையும் எழுப்பினார்கள். செம்பாறைப் பூங்காவின் கல் குடில்களைக் கட்டியதும் அதே படைதான். தாழ்ந்த கரையில் இருந்த வீடுகளும் உப்புச் சுரங்கமும் நீருக்குள் போயின. மார்மன் குடியேறிகளின் செயின்ட் தாமஸ் என்ற ஊரும் 1938இல் மூழ்கியது. நீண்ட வறட்சியால் ஏரி வற்றியபோது, இந்த நூற்றாண்டில் அதன் அடித்தளங்கள் மறுபடி தலைகாட்டியிருக்கின்றன.

இங்கேதான் 1935இன் பொருள் விளங்குகிறது. ஒரே பண்பாட்டின் வயலும் வீடும் உப்பும் ஒருபுறம் அணைக்குக் கொடுக்கப்பட்டன. அதன் சடங்கு நிலம் மறுபுறம் காட்சி நிலமாகக் காக்கப்பட்டது. அதன் பானைகளும் கூடைகளும் கண்ணாடிப் பெட்டிக்குள் சென்றன. மூன்றையும் மனத்தில் ஒன்றாகச் சேர்க்காத வரை, சுனைக்குப் போகும் பாதையில் உள்ள ஆடு வெறும் ஆடாகவே நிற்கும்.

மறைந்துபோகாத மக்கள்

பியூப்ளோ உழவர்கள் 12ஆம் நூற்றாண்டின் நடுவில் மடி ஆற்றங்கரையை விட்டு நீங்கினார்கள். வறட்சி ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. மர்மமாக மறைந்த இனம் என்று சுற்றுலாக் கையேடுகள் எழுதுவது தவறு. அரிசோனா, நியூ மெக்சிகோவில் வாழும் ஹோப்பி உள்ளிட்ட பியூப்ளோ மக்கள் அவர்களைத் தம் முன்னோராகக் கொள்கிறார்கள். அவர்கள் நீங்கிய இந்த நிலத்தில் நூவூவி என்று தம்மை அழைத்துக்கொள்ளும் தெற்குப் பையூட் மக்கள் வாழ்ந்தார்கள், வாழ்கிறார்கள்.

பூங்காவின் மேற்கு வாயிலுக்குப் போகும் சாலையே மோவாப்பா பையூட் மக்களின் நிலத்தில்தான் பிரிகிறது. 1873இல் அமைந்த அவர்களது ஒதுக்கீட்டு நிலம், அடுத்த ஆண்டு இருபது லட்சம் ஏக்கர் அளவுக்கு விரிந்து, 1875இல் வெறும் 1,000 ஏக்கராக வெட்டப்பட்டது. 1980இல்தான் ஏறத்தாழ 70,000 ஏக்கர் திரும்பக் கிடைத்தது. அந்த நிலத்தில் 2017 முதல் 250 மெகாவாட் சூரிய மின்நிலையம் இயங்குகிறது.

தெற்குப் பையூட் மக்களிடம் உப்புப் பாடல்கள் என்ற தொடர் உண்டு. இறந்தவருக்காக இரவு முழுவதும் பாடப்படும் அப்பாடல்கள், ஊற்றுகள், மலைகள், ஆறுகள் வழியாக ஒரு நெடும்பயணத்தைச் சொல்கின்றன. பாலைவனத்தின் வரைபடம் அவர்களிடம் பாட்டாக இருக்கிறது. ஓர் ஊற்றையோ பாறையையோ தனியே எடுத்துப் பேசுவதற்கு அந்த மரபில் இடமில்லை. வழி முழுவதும் ஒன்று.

இந்தப் பார்வைக்கு அண்மைக் காலத்தில் சட்டமும் கொஞ்சம் நெருங்கி வந்திருக்கிறது. மீட் ஏரியின் கிழக்குக் கரையில், அதே செம்மணற்கல்லும் அதே வகைச் செதுக்கல்களும் கொண்ட கோல்ட் பட் நிலப்பரப்பு, பையூட் மக்களும் பாதுகாப்பு ஆர்வலர்களும் பல ஆண்டுகள் போராடியபின், 2016 டிசம்பரில் ஏறத்தாழ 3 லட்சம் ஏக்கர் தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. தனித்தனிப் பாறைகளுக்கு வேலி போடாமல் நிலத்தையே காப்பது என்ற கொள்கை அதில் இருக்கிறது.

போகிறவர்களுக்கு

செதுக்கல்களுக்கு இன்று மிகப் பெரிய பகை மனிதக் கைதான். ஆயிரம் ஆண்டு மெருகைத் தாண்டி நிற்கும் உருவத்தின் பக்கத்தில், யாரோ சாவியால் கீறிய பெயரும் தேதியும் அட்லாட்ல் பாறை போன்ற இடங்களில் காணக் கிடைக்கின்றன. அந்தக் கீறலை அழிக்க முயன்றால் அடியில் உள்ள மெருகும் போய்விடும். கையால் தடவுவதும் தீங்கு. தோலின் எண்ணெய் பாறையில் படியும். வண்ணக்கோல் தேய்த்துப் படி எடுப்பது இன்னும் மோசம். செதுக்கல்களைச் சேதப்படுத்துவது சட்டப்படியும் குற்றம்.

அக்டோபர் முதல் ஏப்ரல் வரை போவது நல்லது. கோடையில் வெப்பம் 45 பாகையைத் தாண்டுவதால் நெருப்பலை உட்படப் பல நடைபாதைகளை மூடிவிடுகிறார்கள். அந்தத் தடையை மீற வேண்டாம். ஆளுக்குப் போதிய நீர் எடுத்துச் செல்லுங்கள். போகும் வழியிலோ திரும்பும் வழியிலோ ஓவர்ட்டன் அருங்காட்சியகத்துக்குக் கட்டாயம் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். அங்குள்ள பானையையும் பூங்காவில் உள்ள செதுக்கலையும் ஒரே நாளில் பார்ப்பவருக்கு, அவை ஒரே மக்களின் கைவேலை என்பது தானே விளங்கும்.

பாறையில் எழுதியிருப்பதை நாம் முழுதாகப் படித்துவிடப் போவதில்லை. அதற்காக வருந்தத் தேவையில்லை. அது நமக்காக எழுதப்படவில்லை. நம்மிடம் கேட்கப்படுவது அதைவிடச் சிறிய கடமை: படத்தைத் தொடாமல் இருப்பது, அது நிற்கும் நிலத்தைச் சிதைக்காமல் இருப்பது, அந்த நிலத்தின் மக்களை இறந்தகாலத்தில் பேசாமல் இருப்பது. இந்த மூன்றையும் செய்கிறவர் யாரோ, அவரே அங்கே போகத் தகுதியுள்ள பயணி.